பாங்கு நேரத்துப் பதிவு

வீடியோ டெக்கு என்றால் என்னவென்று என் பேரனுக்குச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் பிடித்தது. உங்களுக்கு அந்த விளக்கம் வேண்டாம். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அதை வாடகைக்கு எடுத்து, வரிசையாக மூன்று படம் பார்த்து, மறுநாள் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிந்தவர்கள்தான். ஆனால் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குள் டெக்கு வந்தது படம் பார்க்க அல்ல. டீவியில் வரப்போகும் ஓர் அரை மணி நேரத்தைப் பிடித்து வைக்க வந்தது.

அந்த அரை மணி நேரத்தில் வரப்போகிறவள் என் அக்கா. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பள்ளிகளுக்கான விநாடி வினா நிகழ்ச்சிக்காகத் தலைமை ஆசிரியை இரண்டு மாதம் முன்னால் அவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் சென்னைக்குக் கூட்டிப்போய் வந்தார். துணைக்கு எங்கள் அப்பா, அத்தா போனார். ஜெயித்துவிட்டு வந்தார்கள். பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறேகாலுக்கு ஒளிபரப்பு என்று பள்ளிக்குக் கடிதம் வந்தது.

அக்காவுக்குத் திருச்சியில் விடுதியில் தங்கி வேதியியல் படிக்க வேண்டும். அத்தா விண்ணப்பம்கூட வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். ஆனால் வீட்டில் அத்தாவின் சொல் கடைசிச் சொல் அல்ல. கடைசிச் சொல் பெரியத்தாவினுடையது. அத்தாவின் அண்ணன். பெரியம்மா கண்ணை மூடி மௌத்தான பிறகு எங்களோடுதான் இருந்தார். கடுக்காயும் புளியும் வாங்கி விற்கும் எங்கள் மண்டி அவர் கையில் இருந்தது. மலையிலிருந்து சரக்கை இறக்கிக் கொண்டுவருவது அத்தா, கல்லாவில் உட்காருவது பெரியத்தா. அவர் எதிரில் அத்தா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அத்தா திருச்சிப் பேச்சை எடுத்தபோது பெரியத்தா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை எல்லாம் அன்றே முடிந்திருக்கும். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஜெயிச்சது சரி. நாலு பேரு எதிர்ல நம்ம பொண்ணு எப்டி நிக்கிது, எப்டி பேசுதுன்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டு சொல்றேன்."

அக்கா அன்று அடுப்படியில் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவளுக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அம்மாதான் முதலில் கணக்குப் போட்டாள். ஆறேகாலுக்குத் தொடங்கினால் ஆறே முக்காலுக்கு முடியும். ஆறரைக்கு மக்ரிபு பாங்கு, அந்தித் தொழுகைக்கான அழைப்பு. பெரியத்தா மண்டியிலிருந்து ஆறு மணிக்கே பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுகிறவர். மழையோ காய்ச்சலோ, பள்ளிவாசலில் கூடித் தொழும் ஜமாத்தை அவர் தவறவிட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டில் இருந்தாலும் பிரயோசனமில்லை. பாங்கு சொல்லத் தொடங்கினால் எங்கள் வீட்டில் டீவி அணைந்துவிட வேண்டும். அது டீவி வந்த நாளிலேயே போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை நிறைவேற்றுகிற அதிகாரி, வீட்டின் சின்னப் பெண்ணான நான். எனக்குப் பத்து வயது. எங்கள் டீவியில் அணைக்கிற பொத்தான் உடைந்து உள்ளே போய்விட்டதால், அது மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசரின் சுவிட்சைத்தான் அணைப்போம். முதல் 'அல்லாஹு அக்பர்' காதில் விழுந்ததும் எங்கிருந்தாலும் ஓடிவந்து அந்தச் சுவிட்சைத் தட்டுவேன். இரண்டாவது முறை சொல்வதற்குள் தட்டிவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு பந்தயம் வைத்திருந்தேன். பெரியத்தா வீட்டுக்கு வந்தவர்களிடம் என்னைக் காட்டி, இதுக்கு இருக்கிற மார்க்கப் பேணுதல் பெரியவங்களுக்கு இல்ல என்பார். அவர் என்னைப் புகழ்ந்த ஒரே விஷயம் அது. நான் அதில் உப்பிப்போய்க் கிடந்தேன்.

ஆக, பெரியத்தா பார்க்க வேண்டும் என்றால் நிகழ்ச்சியைப் பிடித்து வைத்து, தொழுகை முடிந்து வந்ததும் போட்டுக் காட்ட வேண்டும். வேறு வழி இல்லை. அத்தா டெக்கு தேடக் கிளம்பினார். கையில் பத்து நாள் இருந்தது.

முதலில் போனது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த வீடியோக் கடைக்கு. நானும் கூடப் போனேன். அத்தாவுக்கு டெக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். கடைக்காரர் எடுத்துவைத்த பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டீவியில் வருவதை இதில் பிடிக்க முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார். இது ஓட்ட மட்டும்தான், பிடிக்கிறது வேற பெட்டி பாய், அதில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும் என்றார். எங்களுக்கு வியப்பாகப் போய்விட்டது. டெக்கு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம். ஊரில் வாடகைக்கு ஓடிய பெட்டிகள் ஒன்றில்கூடச் சிவப்புப் பொத்தான் இல்லை.

அடுத்தது வடக்கனந்தலில், சவுதியிலிருந்து திரும்பிவந்த ஒருவர் வீடு. அங்கே இருந்தது கறுப்பாக, ஒல்லியாக, ரிமோட்டோடு கூடிய அழகான பெட்டி. சிவப்புப் பொத்தானும் இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது. அத்தா அதைத் தூக்கிப் பார்த்தார், காதருகே வைத்து லேசாக ஆட்டினார், பிறகு கேசட் போடும் வாய்க்குள் மூக்கை விட்டு முகர்ந்தார். கடுக்காயை ஆட்டிப் பார்த்துப் பூச்சி கண்டுபிடிப்பவர், புளியை முகர்ந்து எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்பவர். வேறு எப்படிப் பார்ப்பார்? வீட்டுக்காரர் முகம் சுளித்தார். எனக்கு மானம் போனது.

"கருகல் வாடை வருதுங்க," என்றார் அத்தா.

அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். அந்த ஊர் கரண்டுக்குச் செய்த பெட்டியை வந்த நாளிலேயே நம் ஊர் கரண்டில் நேராகச் செருகிப் புகைய விட்டு, பிறகு பழுது பார்த்தாராம். ஓடும், ஆனால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். அத்தா சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மூக்கு இருக்கிறவனை ஏமாற்ற முடியுமா என்று டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்குள் ஆறு நாள் போய்விட்டது. அக்கா சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாள். வீட்டில் யாரும் டெக்கு பற்றி உரக்கப் பேசுவதில்லை. பெரியத்தா மட்டும் சாப்பிட உட்காரும்போது, பெட்டி கெடைச்சுதா என்று கேட்பார். இல்லை என்று அத்தா சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு சோற்றைப் பிசைவார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அக்காவும் நானும் அறைக்குள் போய்ச் சண்டை போட்டுக்கொள்வோம்.

ஏழாம் நாள் கச்சிராயபாளையத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரிடம் ஒரு பெட்டி இருப்பது தெரிந்தது. பழசு. கேசட்டை மேலே மூடியைத் தூக்கிப் போட வேண்டும். அத்தா ஆட்டினார், முகர்ந்தார், தூக்கிப் பார்த்தார். கனம் அதிகம் என்று அவருக்குத் திருப்தி. வீடியோக்காரர் நல்ல மனிதர். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிடிக்கும் என்று மூன்று முறை செய்து காட்டினார். மடியில் டெக்கை வைத்துக்கொண்டு அத்தா கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தார். இறங்கியபோது இரண்டு தொடையும் மரத்துப்போயிருந்தது.

பள்ளிவாசல் தெருவில் ரேடியோக் கடை வைத்திருந்தவர் வந்து அதை மாட்டிக் கொடுத்தார். டீவி அணைந்திருந்தாலும் டெக்கு தன் பாட்டுக்குப் பிடிக்கும் என்றார். அத்தா நம்பவில்லை. அன்றைய செய்தியைப் பிடித்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார். நம் ஊர் வோல்டேஜுக்குப் பயந்து ரேடியோக் கடைக்காரர் டீவி, டெக்கு இரண்டையும் அந்த ஒரே ஸ்டெபிலைசரில் மாட்டியிருந்தார். அதனால் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்:

"பாங்கு சொன்னா டீவி சத்தத்தைக் கொறச்சிட்டு, மரக்கதவ இழுத்து மூடிடுங்க. ஸ்டெபிலைசர்ல மட்டும் யாரும் கை வைக்காதீங்க. வச்சா டெக்கும் நின்னுடும்."

அப்போதெல்லாம் டீவிக்கு மரக்கதவு இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். சத்தத்தைக் குறைப்பது அக்காவின் வேலை, கதவை மூடுவது என் வேலை என்று பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாது என்று நான் இன்றைக்கும் சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும். அந்த இரண்டு நாளும் நானே அக்காவுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே கூடத்தில் கூடிவிட்டோம். அத்தா அன்று பள்ளிவாசலுக்குப் போகவில்லை, வீட்டில் தொழுதுகொள்கிறேன் என்று டெக்கின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறேகாலுக்கு இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வெள்ளை முக்காட்டோடு அக்கா டீவியில் வந்தாள். அம்மா 'யா அல்லாஹ்' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் கேள்விக்கு அக்காவின் பக்கத்துப் பெண் பதில் சொன்னாள். இரண்டாவதும் மூன்றாவதும் அக்கா. நேரிலிருந்த அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டே, இப்பப் பாரு, கடைசிக் கேள்விதான் முக்கியம், ரெண்டு பள்ளியும் சமமா வந்துடும், நான்தான் சொல்லுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது பாங்கு ஒலித்தது.

அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். அத்தாவும் அம்மாவும் கைகால் கழுவி ஒளு செய்ய எழுந்து அவள் பின்னால் திரும்பினார்கள். நான் எழுந்தேன். என் கை நேராக ஸ்டெபிலைசருக்குப் போய் சுவிட்சைத் தட்டியது. இரண்டாவது 'அல்லாஹு அக்பர்' சொல்வதற்குள் தட்டிவிட்டேன் என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் சிவப்பு விளக்கு இல்லாததைப் பார்த்தேன்.

உடனே மறுபடி போட்டேன். ஸ்டெபிலைசர் உறுமியது. டெக்கில் பச்சை விளக்கு வந்தது, சிவப்பு வரவில்லை. அத்தா கிணற்றடியில் இருந்தார். 'அத்தா' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்து பொத்தானை அமுக்கியிருப்பார். அரை நிமிடம்தான் போயிருக்கும். கடைசிக் கேள்வியாவது கிடைத்திருக்கும். நான் கூப்பிடவில்லை. மரக்கதவை இழுத்து மூடிவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அன்று நான் தொழுததில் ஒரு சொல்கூட நாக்கில் நிற்கவில்லை. சுஜூதில் நெற்றியை வைத்துக்கொண்டு, டெக்கு பிடித்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அத்தா தொழுது எழுந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது, சிவப்பு விளக்கு இல்லாததை டெக்கு தானே நின்றுகொண்டதாக எடுத்துக்கொண்டார்.

பெரியத்தா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். சால்வையை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தா கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வணக்கம், அறிமுகம், முதல் கேள்வி, இரண்டாவது, மூன்றாவது. கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா முணுமுணுத்தாள், 'இப்பதான்...' படம் ஒருமுறை நெளிந்தது. அப்புறம் திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள், மழை பெய்வது போன்ற இரைச்சல்.

அத்தா முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார், கேசட்டை எடுத்துத் தட்டினார். பெரியத்தா கடைசிவரை அந்த வெள்ளைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"பாக்காத ஒன்னுக்கு நான் இன்னா சொல்றது?"

அவ்வளவுதான். மறுநாள் தலைமை ஆசிரியையே வீட்டுக்கு வந்து, கடைசிக் கேள்விக்கு உங்கள் பெண்தான் பதில் சொன்னாள், எவ்வளவு அடக்கமாகப் பேசினாள் தெரியுமா என்று சொல்லிப் பார்த்தார். ஊர் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதில்லை என்று பெரியத்தா தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். மறு ஒளிபரப்பு கேட்டு அத்தா தபால் போட்டார், பதில் வரவில்லை. அடுத்த பனிக்காலத்தில் அக்காவுக்குத் தியாகதுருகத்தில் ஜவுளிக்கடைக் குடும்பத்தில் நிக்காஹ் முடிந்தது.

டெக்குதான் கெட்டது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அத்தா அதைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் போய், வீடியோக்காரரை அவர் கடை வாசலில் நாலு பேர் பார்க்கத் திட்டினார். நானும் கூட இருந்தேன். அந்த மனிதர் அங்கேயே மாட்டி ஓட்டிக் காட்டினார். டெக்கு நன்றாகப் பிடித்தது. அப்படியும் அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கை நம்பி வாங்கிய பெட்டி மோசம் போனதில் அவருக்கு உள்ளே அடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு சரக்கு வாங்கும்போதுகூட முகர்ந்து பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேணுதலான பிள்ளையாயிற்றே.

முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் சுமந்தேன். அத்தாவும் பெரியத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா தன் இரண்டு பெண்களையும் கல்லூரிக்கு அனுப்பினாள். அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவிட்சு நினைவுக்கு வரும்.

போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் முறைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். மண்டிக்காரர் வூட்டுப் பொண்ணா என்று கேட்டார். அந்த ரேடியோக் கடைக்காரர். பழைய பேச்சு வந்தது. டெக்கு மாட்டிய கதையை நானே எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உங்க பெரியத்தா அன்னிக்கி எங்க கடை வாசல்லதாம்மா நின்னுக்கினு இருந்தாரு. உள்ள வாங்க பாய்னேன், வரல. பாங்கு சொல்லியும் நவுரல. கடைசிக் கேள்வி வரைக்கும் நின்னு பாத்தாரு. நெலாவுல நின்னு கூப்ட்டா ஏன் கேக்காதுன்னு கேட்டாங்க. காத்து இல்ல, அதான் கேக்காதுன்னு உங்க அக்கா சொல்லிச்சு. கண்ணெல்லாம் தண்ணி அவருக்கு."

அவர் தொடர்ந்தார்.

"வூட்ல சொல்லிடாதன்னாரு. இவ்ளோ அறிவு இருக்கறத வெளிய அனுப்புனா திரும்பி நம்ம வூட்டுக்குள்ள அடங்குமா, அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு. பெருமதான் அவருக்கு. பயமும்தான்."

அன்று டாக்டரிடம் கண்ணைக் காட்டாமலே எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? ஒரு ஜமாத்தையும் விடாதவர் அதை விட்டுவிட்டு நின்று பார்த்திருக்கிறார். பார்த்து, அழுது, முடிவும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எங்கள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறார். டெக்கு முழுதும் பிடித்திருந்தாலும் அக்கா திருச்சிக்குப் போயிருக்க மாட்டாள். நான் தட்டிய சுவிட்சு அவருக்குச் சௌகரியமாகப் போனது, அவ்வளவுதான். ஆத்திரத்தின் அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, மறைக்க மாட்டேன். நான் இல்லை, நான் இல்லை என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே தியாகதுருகத்துக்குப் போனேன், எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டிவிட.

அக்கா கூடத்தில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஏதோ போட்டியாம். பேத்தி தன் நன்னியின் பழைய டீவி கதையைக் கேட்டிருக்கிறாள். அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாழாப்போன டெக்கு மட்டும் ஒழுங்கா புடிச்சிருந்தா என்னை அனுப்பியிருப்பாரு. எங்க பெரியத்தா கறாரான ஆளுதான், ஆனா நியாயமான மனுசன். பாத்திருந்தாருன்னா இல்லன்னு சொல்லியிருக்க மாட்டாரு."

அதை அவள் சொன்ன விதம்! எத்தனை முறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன சொற்கள் அவை. தான் வளர்ந்த வீட்டில் தன்னைத் தடுத்தவர் யாருமில்லை, ஒரு பெட்டிதான் தடுத்தது என்று நம்பி அவள் ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறாள். வருஷா வருஷம் பெரியத்தா பேரில் ஃபாத்திஹா ஓதிச் சோறு போடுகிறாள்.

நான் தண்ணீர் குடித்தேன். பேத்தி போனதும் சொன்னேன்.

"டெக்கு கெட்டுப்போகலக்கா. பாங்கு சொன்னப்ப நான்தான் பழக்கத்துல ஸ்டெபிலைசர அணைச்சிட்டேன். தெரிஞ்சும் யாரையும் கூப்பிடல."

மீதியைச் சொல்ல வாய் வரை வந்தது. அக்கா என்னையே பார்த்தாள். சீப்பு அவள் கையிலேயே இருந்தது.

"அந்த கச்சிராயபாளையத்துக்காரர இத்தினி வருசமா திட்டிக்கினு இருந்தேனே," என்றாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "நீயாடி?" என்றாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தேன், வெளியே வரவில்லை. அக்காவின் மருமகள்தான் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நோன்புப் பெருநாள் வந்து போய்விட்டது. அக்கா வீட்டிலிருந்து எனக்குப் பலகாரம் வந்தது, ஆள் மூலம். போன் வரவில்லை. நான் செய்தாலும் மருமகள்தான் எடுக்கிறாள். அக்கா தொழுகையில் இருக்கிறாள், தூங்குகிறாள், வெளியே போயிருக்கிறாள். இரண்டு நிமிடத்தில் இதைச் சரிசெய்துவிட என்னால் முடியும். ரேடியோக் கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னால் போதும், அக்கா என்னை மன்னித்துவிடுவாள். மன்னித்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில், அன்று அழுதுகொண்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவரை நினைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். தங்கைமேல் கோபித்துக்கொண்டு இருப்பது அதைவிடச் சுலபம். கோபித்துக்கொள்ளட்டும்.